பழைய காரின் ஸ்டியரிங் வீல்: திருத்துவதா, மாற்றுவதா?

பழைய கார் ஒன்றைப் புதுப்பிப்பது என்றால் எம்மில் பலரும் முதலில் எஞ்சினைப் பற்றிப் பேசுவோம். அடுத்து டிங்கர் வேலை, அதற்கடுத்து பெயின்ட். ஸ்டியரிங் வீலைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. ஆனால் கார் பார்க்க வருபவர் கதவைத் திறந்து உள்ளே அமர்ந்ததும் அவரது கை முதலில் போகும் இடம் அதுதான். வெளியே இலட்சக்கணக்கில் செலவழித்து பெயின்ட் அடித்த காரில் கைக்கு ஒரு வெடிப்பு தட்டுப்பட்டால், அந்த நிமிடமே விலை பேசும் குரல் மாறிவிடும்.

நான் உதிரிப்பாக வியாபாரி அல்ல. பஞ்சிகாவத்தையிலும் மாளிகாவத்தையிலும் அந்த வியாபாரத்தில் இருப்பவர்களுடன் நீண்ட காலம் பழகி வருபவன். பழைய ஸ்டியரிங் வீல்களைத் திருத்தும் வேலை ஒரு சிறு தொழிலாக எப்படி நடக்கிறது, அதில் இலாபம் எங்கே இருக்கிறது, ஆபத்து எங்கே இருக்கிறது என்பதை இவ்வாரம் பார்ப்போம். கார் வியாபாரத்தில் இல்லாதவர்களுக்கும் இதில் பாடம் உண்டு.

பழைய கார்கள் ஏன் இங்கே நிலைத்தன?

1977ஆம் ஆண்டு திறந்த பொருளாதாரம் வரும்வரை இந்நாட்டில் கார் இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடுகள் இருந்தன. இருந்த கார்களையே திருத்தித் திருத்தி ஓட்ட வேண்டிய நிலை. மொரிஸ் மைனர், ஒஸ்டின், ஹில்மன், வொக்ஸ்வேகன் பீட்டில் போன்றவை இங்கே இவ்வளவு காலம் தாக்குப்பிடித்ததற்கு அதுவே பெரிய காரணம். கிடைக்காத பாகத்தை லேத்தில் கடைந்து செய்யும் பாஸ்மார் உருவானதும் அந்தக் காலத்தில்தான்.

மொரிஸ் மைனரையே எடுத்துக்கொள்வோம். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த இந்தக் கார் 1948 முதல் 1971 வரை இங்கிலாந்தில் தயாரிக்கப்பட்டது. மொத்தம் 16 இலட்சத்துக்கும் அதிகம். 1990களில் இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ல்ஸ் வெயார், இலங்கைப் பங்காளி ஒருவருடன் சேர்ந்து அந்தக் காருக்கான பாகங்களை இங்கே தயாரித்து அங்கே கொண்டுசென்றார். கார் செய்த நாட்டுக்கே பாகம் செய்து அனுப்பும் கைத்திறன் எம்மிடம் இருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஏறத்தாழ ஐந்து வருடங்களில் பழைய வாகனங்களைப் பராமரிக்கும் தொழிலின் அருமை எல்லோருக்கும் விளங்கியது. இன்று பழைய கார்களுக்குத் திருமண வாடகை, ஹோட்டல்களின் உல்லாசப் பயணிகள், சேகரிப்பவர்கள் என்று தனிச் சந்தையே இருக்கிறது. இந்தச் சந்தையில் காரின் பழைமைதான் சரக்கு. ஆகவே பழைய பாகத்தைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதைப் பொருத்துவது எப்போதும் இலாபமாகாது.

ஏன் வெடிக்கிறது?

1950களிலும் 60களிலும் வந்த பெரும்பாலான ஸ்டியரிங் வீல்களின் உள்ளே உருக்குக் கம்பி வளையம் ஒன்று இருக்கும். அதன் மேல் கடினமான பிளாஸ்டிக்கை வார்த்திருப்பார்கள். சூட்டில் பிளாஸ்டிக் விரிவதும் குளிரில் சுருங்குவதும் உருக்கைவிடப் பல மடங்கு அதிகம். அத்துடன் வருடங்கள் போகப் போக பிளாஸ்டிக் தன் மென்மையை இழந்து நிரந்தரமாகவே சுருங்குகிறது. உள்ளே இருக்கும் கம்பி சுருங்காது. இறுக்கம் தாங்காமல் பிளாஸ்டிக் வெடிக்கிறது. பெரும்பாலும் ஆரைக் கம்பி வளையத்துடன் சேரும் இடத்தில்தான் முதல் வெடிப்பு தோன்றும்.

எமது வெயிலில் கண்ணாடிகளை மூடி நிறுத்திய காரின் உட்புறம் எப்படிக் கொதிக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. வெடிப்பு விழுந்ததும் சாரதியின் கை வியர்வையும் மழைக்கால ஈரமும் உள்ளே இறங்கும். கம்பி துருப்பிடிக்கும். துரு ஊதிப் பெருத்து வெடிப்பை மேலும் அகலமாக்கும். சில காலத்து பிளாஸ்டிக் வகைகள் வினாகிரி வாடை வீசி, உதிர்ந்து தூளாகவே போய்விடும். அப்படியானதை எந்த பாஸிடம் கொடுத்தும் பயனில்லை.

எதைத் திருத்தலாம், எதைத் தொடக் கூடாது?

இந்தத் தொழிலின் முழுச் சூத்திரத்தையும் ஒரு வரியில் சொல்லலாம்: பிளாஸ்டிக்கில் உள்ள குறையைத் திருத்தலாம், உருக்கில் உள்ள குறைக்கு வீலையே மாற்ற வேண்டும்.

வளையத்திலுள்ள வெடிப்பு, நிறம் மங்கியது, விரல் பிடிக்கும் மேடுகள் தேய்ந்தது, சிறு துண்டு உடைந்து போனது ஆகியவை எல்லாம் திருத்தக் கூடியவை. ஆனால் நடுவிலுள்ள குடத்தின் உலோகம் வெடித்திருந்தாலோ, ஆரைக் கம்பி குடத்திலிருந்து ஆடினாலோ, உள்வளையம் துருவில் அரித்துப் போயிருந்தாலோ, தண்டைக் கவ்வும் உள்பற்கள் தேய்ந்திருந்தாலோ அதற்கு வேறு வழியில்லை. பற்றவைத்துச் சமாளிக்கலாம் என்று சொல்பவரை நம்ப வேண்டாம்.

பரிசோதிப்பது சுலபம். காரில் அமர்ந்து வளையத்தை இரு கைகளாலும் இரண்டு பக்கமும் பிடித்து, முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். பிறகு மேலும் கீழும். வளையம் மட்டும் நெளிந்தால் கம்பியில் பிழை. முழு வீலும் ஆடினால் நட் இளகியிருக்கலாம், பற்கள் தேய்ந்திருக்கலாம், தண்டின் பெயாரிங்கிலும் பிழை இருக்கலாம். கழற்றிப் பார்க்காமல் விலை பேசக் கூடாது.

தோல் உறை போட்ட வீல் என்றால் இரட்டிப்புக் கவனம் தேவை. வளையத்தை ஒழுங்காகத் திருத்தி, அதன் மேல் குஷன் கடையில் தோல் தைப்பது நல்ல வேலை. திருத்தாமல் தைப்பது குறையை மூடும் வேலை. எனக்குத் தெரிந்த ஒருவர் நல்ல விலை கொடுத்து பழைய கார் ஒன்றை வாங்கினார். அழகான தோல் உறை. சில மாதங்களில் தையல் இளகியது. உறையைப் பிரித்தபோது நான்கு இடங்களில் பிளாஸ்டிக் கழன்று, உள்ளே கம்பி செம்மண் போல் உதிர்ந்துகொண்டிருந்தது. விற்றவர் தனக்குத் தெரியாது என்றார். தெரிந்ததோ தெரியாததோ, அந்த வாடிக்கையாளர் அவரது கடைப் பக்கம் மீண்டும் போகவில்லை. போகும் இடமெல்லாம் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

வேண்டாம் என்று சொன்ன தம்பி

தெமட்டகொடைப் பக்கம் சிறிய இடமொன்றில் இந்த வேலையைச் செய்யும் இளைஞர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் நான் பேசிக்கொண்டிருந்த ஒரு நாள், புறக்கோட்டையில் மொத்த வியாபாரம் செய்யும் ஹாஜியார் ஒருவர் மொரிஸ் மைனர் ஸ்டியரிங் வீல் ஒன்றைப் பழைய துவாயில் சுற்றிக் கொண்டுவந்தார். அவருடைய வாப்பா ஓட்டிய கார். மகனின் திருமணத்துக்கு மூன்று வாரம் இருந்தது. மாப்பிள்ளையை அந்தக் காரில்தான் அழைத்துப்போக வேண்டும் என்பது வீட்டாரின் ஆசை.

இளைஞர் வீலைத் துடைத்து, குடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நகத்தை ஓட்டினார். பிறகு ஹாஜியாரின் கையில் கொடுத்து அந்த இடத்தைத் தடவிப் பார்க்கச் சொன்னார்.

“ஹாஜியார், ரிம்முல வெடிச்சது எல்லாம் நான் செஞ்சு தாரேன். இது நடுக் குடமே வெடிச்சிருக்கு. நான் பூசி மூடினா பளபளன்னு இருக்கும், உங்களுக்கும் தெரியாது. ஆனா ஒரு நாளைக்கு வளைவுல கையோட கழண்டு வந்துடும்.”

“எவ்வளவு கேட்டாலும் தாரேன் தம்பி. இது வாப்பா புடிச்ச ஸ்டியரிங்.”

“அதனாலதான் ஹாஜியார் சொல்றேன். நாளைக்கு இதப் புடிக்கப் போறது உங்கட மகன்.”

ஹாஜியார் சற்று நேரம் பேசவில்லை. முகத்தில் கோபமும் இருந்தது. இளைஞர் அவரைச் சும்மா அனுப்பவில்லை. உடைத்த காரிலிருந்து எடுத்த அதே மொடல் வீல் ஒன்று எந்தக் கடையில் கிடைக்கும் என்று அங்கேயே தொலைபேசியில் விசாரித்தார். குடம் நல்லதாக இருந்தால் வளையத்தைத் தான் திருத்துவதாகவும், வாப்பாவின் வீலிலுள்ள ஹோர்ன் பொத்தானை அதில் பொருத்தித் தருவதாகவும் சொன்னார். பழைய வீலை ஓட்டுவதற்கல்லாமல் வீட்டில் மாட்டி வைப்பதற்கு மட்டும் சுத்தம் செய்து தரலாம் என்றார்.

ஹாஜியார் ஒப்புக்கொண்டார். ஒரு வேலைக்கு மறுப்புச் சொன்னவருக்கு இரண்டு வேலை கிடைத்தது. அவர் போன பிறகு நான் கேட்டேன், “பெரிய காசு வந்திருக்குமே தம்பி?”

“வந்திருக்கும் நானா. அதுக்குப் பொறகு ராவைக்குத் தூக்கம் வராதே.”

வேலை நடக்கும் முறை

வேலை கொடுப்பவருக்கும் படிமுறை தெரிந்திருந்தால் ஏமாற இடமில்லை. முன் சில்லுகளை நேராக நிறுத்தி, பெட்டரியின் இணைப்பைக் கழற்ற வேண்டும். ஹோர்ன் பொத்தானை எடுத்ததும் நடுவில் பெரிய நட் தெரியும். தண்டும் குடமும் சேரும் இடத்தில் ஓர் அடையாளம் போட்டுக்கொண்டால், திரும்பப் பொருத்தும்போது வீல் கோணலாக நிற்காது. நட்டை முழுதாகக் கழற்றாமல் இரண்டு மூன்று புரி பிடித்திருக்கும்படி இளக்கி விட வேண்டும். அல்லாவிட்டால் வீல் திடீரென்று விடுபட்டு முகத்தில் அடிக்கும்.

இழுத்து எடுப்பதற்குப் புலர் என்ற கருவி இருக்கிறது. சுத்தியலால் தண்டில் அடிப்பது கூடவே கூடாது. விபத்தின்போது உள்வாங்கும் தண்டுகள் 1960களின் இறுதியிலிருந்து பரவலாயின. அமெரிக்காவில் 1968 ஜனவரி முதல் அதற்கான விதிகளே நடைமுறைக்கு வந்தன. அப்படிப்பட்ட தண்டில் அடித்தால் உள்ளே இருக்கும் பாதுகாப்பு ஊசிகள் முறிந்துவிடும், வெளியே எதுவும் தெரியாது. எயார்பேக் உள்ள பிற்கால வாகனங்களில் இந்த வேலையைச் செய்யவே கூடாது.

பிறகு ஒவ்வொரு வெடிப்பையும் ஆப்பு வடிவில் கம்பி தெரியும்வரை அறுத்துத் திறக்க வேண்டும். மயிரிழை வெடிப்பின் மேல் பூசினால் சில மாதங்களில் அது மீண்டும் தலைகாட்டும். துருவை நீக்கி, எண்ணெய்ப் பசை போகக் கழுவி, இரண்டு கலவைகளைச் சேர்க்கும் கெட்டியான எபொக்சியால் நிரப்ப வேண்டும். வாகனத்தின் தகரத்துக்குப் பூசும் சாதாரண பில்லர் இதற்குத் தாங்காது. எபொக்சி ஒரு நாளாவது இறுக வேண்டும். பிறகு 80, 180, 320, 600 என்று படிப்படியாக சேண்ட் பேப்பர் தேய்ப்பு. பள்ளம் தெரிந்தால் மீண்டும் நிரப்பி மீண்டும் தேய்க்க வேண்டும்.

இறுதியில் பிரைமரும், கை வியர்வைக்கு இளகாத இரட்டைக் கலவை பெயின்ட்டும். இந்த பெயின்ட்டின் ஹார்ட்னரிலுள்ள ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும். வாயில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு ஸ்ப்ரே அடிக்கும் பையன்களை நான் பல இடங்களில் பார்க்கிறேன். வெளிக்காற்று வரும் முறையான முகமூடி வாங்கிக் கொடுப்பது முதலாளியின் கடமை.

மாற்றுவதானால்

மூன்று வழிகள் உண்டு. முதலாவது, அதே மொடலின் பாவித்த வீல். காருக்குப் பொருத்தமானதும் மதிப்புக் குறைக்காததும் அதுதான். வாங்குமுன் குடத்தின் உள்பற்களை எண்ணி, விட்டத்தை அளந்து பாருங்கள். ஒரே பெயருள்ள காரிலும் வருடத்துக்கு வருடம் மாற்றங்கள் உண்டு. கடைக்காரரும் மொடலையும் வருடத்தையும் கேட்காமல் கொடுக்கக் கூடாது.

இரண்டாவது, வெளிநாட்டில் புதிதாகச் செய்யும் நகல். இங்கே நாணய மாற்று விகிதம்தான் விலையைத் தீர்மானிக்கிறது. 2022இல் ஒரு டொலர் 200 ரூபா அளவிலிருந்து சில வாரங்களில் 360 ரூபா அளவுக்குப் போனது. 100 டொலர் வீல் 20,000 ரூபாவிலிருந்து 36,000 ரூபாவானது. கப்பல் கூலியும் சுங்கத் தீர்வையும் அதற்கு மேல். 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரியும் 15இலிருந்து 18 சதவீதமாக உயர்ந்தது. உள்ளூரில் திருத்தும் வேலைக்குச் சந்தை விரிவடைய இதுவும் ஒரு காரணம்.

மூன்றாவது, சிறிய விளையாட்டுக் கார் பாணி வீல். இதற்கு வாகனத்துக்கு ஏற்ற இணைப்புக் குடம் தனியாகத் தேவை. பவர் ஸ்டியரிங் இல்லாத பழைய காரில் 16 அங்குல வீலுக்குப் பதிலாக 14 அங்குலம் போட்டால், ஏழில் ஒரு பங்கு அதிக பலத்துடன் திருப்ப வேண்டும். இளைஞர்களுக்குப் பரவாயில்லை. அறுபது வயதுக்காரர் மருதானை நெரிசலில் திருப்பிப் பார்த்தால் புரியும். எதை மாற்றினாலும் கழற்றிய ஒரிஜினலை எறிந்துவிடாமல் வாடிக்கையாளரிடமே ஒப்படையுங்கள். காரை விற்கும் நாளில் அதற்கும் விலை உண்டு.

விலை போடும் முறை

எமது சிறு தொழிலாளர்கள் அதிகம் நட்டப்படும் இடம் இதுதான். கணக்கை விளக்குவதற்காக சில எண்களை வைத்துக்கொள்வோம். எபொக்சி, பெயின்ட், சேண்ட் பேப்பர் என்று சாமான் செலவு 6,000 ரூபா. இறுகக் காத்திருக்கும் நாட்களை விட்டு, கை வேலை மட்டும் 16 மணித்தியாலம். ஒரு மணித்தியாலத்துக்கு 1,000 ரூபா என்றால் கூலி 16,000. கடை வாடகை, மின்சாரம், பழுதாகும் சாமான் ஆகியவற்றில் இந்த வேலைக்குரிய பங்கு 3,000. மொத்த அடக்க விலை 25,000 ரூபா. அதற்கு மேல் 20 சதவீத இலாபம் வைத்தால் 30,000.

ஆனால் பலர் எப்படிக் கணக்குப் பார்க்கிறார்கள்? “சாமான் 6,000தானே, 15,000 கேட்போம், 9,000 இலாபம்” என்கிறார்கள். உண்மையில் அவர் தன் சொந்த உழைப்பில் 10,000 ரூபாவை வாடிக்கையாளருக்குச் சும்மா கொடுக்கிறார். இரண்டு வருடத்தில் “இந்தத் தொழிலில் ஒன்றுமில்லை” என்று சொல்லி வெளிநாட்டுக்குப் போய்விடுகிறார். தொழிலில் ஒன்றுமில்லாமல் இல்லை, அவர் தன் நேரத்தைக் கணக்கில் எழுதவில்லை.

அடக்க விலை நகலின் விலையை நெருங்கினால் அதையும் வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். தீர்மானம் அவருடையது. பலர் தங்கள் காரின் சொந்த வீலையே விரும்புவார்கள்.

பில்லில் எழுதுங்கள்

திருத்தியதைத் திருத்தியது என்றும், பாவித்ததைப் பாவித்தது என்றும், நகலை நகல் என்றும் பில்லில் எழுதிக் கொடுங்கள். வேலை தொடங்கு முன்னும், வெடிப்பைத் திறந்த பின்னும், முடிந்த பின்னும் கைத்தொலைபேசியில் மூன்று படம் எடுத்து வையுங்கள். நகலை ஒரிஜினல் என்று விற்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி குற்றமாகும். சட்டம் ஒரு புறமிருக்க, பழைய கார் வைத்திருப்பவர்கள் ஒருவரையொருவர் அறிந்த சிறு கூட்டம். ஒரு பொய் பில் அந்தக் கூட்டம் முழுவதையும் சுற்றி வர ஒரு வாரம் போதும். ஒரு நேர்மையான பில்லும் அப்படியே சுற்றி வரும்.

கார் வாங்கி விற்பவர்கள், வாங்கும் போதே ஸ்டியரிங் வீலைச் சோதித்து, குறையை விலையில் கழித்துக்கொள்ளுங்கள். உதிரிப்பாகக் கடைக்காரர்கள், உடைக்கும் காரிலிருந்து வீலைக் கழற்றும்போது மொடலையும் வருடத்தையும் எழுதிக் கட்டி வையுங்கள், அதன் விலை கூடும். கராஜ் வைத்திருப்பவர்கள், கையில் நுணுக்கமுள்ள ஒரு பையனை இந்த வேலையில் பழக்கலாம். பெரிய இயந்திரமோ பெரிய இடமோ தேவையில்லை. பொறுமை தேவை. குடத்தில் வெடிப்பைக் கண்டால், கொண்டுவந்தவர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும், எவ்வளவு தருவதாகச் சொன்னாலும், வேண்டாம் என்று சொல்லும் பழக்கத்தையும் அவனுக்குச் சேர்த்தே கற்றுக்கொடுங்கள்.